எங்க வீட்ல ரெண்டு ஆஸ்கார்!

எங்கள் வீட்டில் இரண்டு ஆஸ்கார் இருக்கிறது. 2009-ல் ஏ.ஆர்.ரஹ்மான் வாங்கி வந்ததும் இரண்டுதான். என்ன ஒரு வித்தியாசம்... அவர் வீட்டு ஆஸ்கார்கள் வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். என் வீட்டு ஆஸ்கார்கள் பசித்தால் கண்ணாடியை முட்டும், விரலை விட்டால் கவ்வும், தொட்டியைக் கொஞ்சம் இடம் மாற்றினால் கோபித்துக் கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் மூலையில் படுத்திருக்கும். கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி!

நான் சொல்வது மீன், சார். வண்ண மீன்.

பல் டாக்டர் கிளினிக்கில் பல்லைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பார்த்திருப்பீர்கள். கறுப்பு உடம்பு, அதில் தீப்பிடித்த மாதிரி ஆரஞ்சுத் திட்டுகள், வால் பக்கம் கண் போல ஒரு வட்டம். ஒரு அடி நீளம் வளரும். ஒழுங்காகப் பார்த்துக் கொண்டால் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். பூர்வீகம் தென் அமெரிக்காவின் அமேசான். 1831-லேயே அகாசி என்ற விஞ்ஞானி இதைப் பற்றி எழுதிப் பெயரும் வைத்துவிட்டார்.

இந்த மீனை ஜோடி சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்க நான் பட்ட பாடு ஐந்து வருஷக் கதை. நான் படித்தது பி.காம். பற்று எது, வரவு எது என்று சொல்லத் தெரியும். ஆண் எது, பெண் எது என்று சொல்லத் தெரியாது. மீனில்தாங்க!

அம்மாவின் ஜிலேபி

எங்கள் ஊர் ஓரிக்கை. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், பாலாற்றுக்கு இந்தப் பக்கம். வெளியூர்க்காரர்களுக்கு மகா பெரியவர் மணிமண்டபம் என்றால் தெரியும். உள்ளூர்க்காரர்களுக்கு பஸ் டிப்போ. எங்கள் அப்பா பஸ் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர்.

ஊர்ப் பெயருக்கே ஒரு கதை உண்டு. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். தன்னைப் பாடச் சொன்ன ராஜாவிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். 'ஊரை விட்டுப் போ' என்றான் ராஜா. சீடர் கிளம்ப, ஆழ்வாரும் கிளம்ப, ஆழ்வார் சொன்னார் என்று பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக் கொண்டு பின்னாலேயே கிளம்பிவிட்டார். மூன்று பேரும் அன்று ராத்திரி தங்கிய இடம்தான் 'ஓர் இரவு இருக்கை'. அதுவே தேய்ந்து ஓரிக்கை ஆனதாகச் சொல்வார்கள். இந்தக் கதையை ஒரு ஓரமாக ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதன்முதலில் ஆஸ்காரை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது அம்மா குனிந்து பார்த்தாள்.

''ஏன்டா, இது நம்ம ஏரி ஜிலேபிதானே? இதுக்கா ஆயிரக் கணக்குல குடுத்துட்டு வந்தே? புளி கரைச்சு வெச்சிருக்கேன், குடு இப்படி!''

அம்மா சொன்னதில் பாதி உண்மை. ஜிலேபியும் ஆஸ்காரும் ஒரே குடும்பம். சிக்லிட் என்று பெயர். ஆப்பிரிக்காவில் பிறந்த ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்டு, இன்று ஊர் ஊருக்கு ஏரியில் ரேஷன் கார்டு வாங்கிக் குடியேறிவிட்டது. நம் நாட்டுக்கே சொந்தமான சிக்லிட் மூன்றே மூன்று. அதில் ஒன்று, 2010-ல் கேரளா தன் மாநில மீனாக அறிவித்த கரிமீன்.

இந்தக் குடும்பத்தின் பெருமை பிள்ளை வளர்ப்பு. பெரும்பாலான மீன்கள் தண்ணீரில் முட்டையைத் தூவிவிட்டு 'உன் பாடு, தண்ணி பாடு' என்று போய்விடும். சிக்லிட் அப்படிப் போகாது. பெண் ஜிலேபி முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துக் கொண்டு, குஞ்சுகள் நீந்தும் வரை பட்டினி கிடக்கும். கரிமீனும் ஆஸ்காரும் அப்பா, அம்மா இரண்டு பேருமாகக் காவல் இருக்கும்.

அதனாலேயே ஒரு சிக்கல். இரண்டு பேரும் சேர்ந்து குடும்பம் நடத்த வேண்டும் என்றால், முதலில் இரண்டு பேருக்கும் பிடித்துப் போக வேண்டுமே!

கேரண்டி ஜோடி

2017. ஒரு மீன் கடையில் அரை அடி நீளத்துக்கு இரண்டு ஆஸ்கார். 'கேரண்டி ஜோடி' என்றார் கடைக்காரர். ''ஜெமினி கணேசன் - சாவித்திரி மாதிரி ஒட்டிக்கிட்டே திரியும் சார். 3,500 ரூபா.''

பேரம் பேசாமல் கொடுத்தேன். அதுதான் நான் படித்த பி.காமுக்கு நான் செய்த முதல் துரோகம்.

4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் தொட்டி செய்தேன். கிட்டத்தட்ட 450 லிட்டர் தண்ணீர். அதாவது 450 கிலோ. ஸ்டாண்டு, கண்ணாடி தனி. ''தரை தாங்குமா?'' என்று அப்பா கேட்டார். ''தாங்கும்ப்பா'' என்றேன். ''நான் கேட்டது உங்கம்மாவை'' என்றார்.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் நிஜமாகவே முட்டை போட்டது. தட்டையான கல் மேல் வரிசை வரிசையாக, ஜவ்வரிசி கொட்டி வைத்த மாதிரி. தெருவுக்கே சொன்னேன். கல்கோனா வாங்கிக் கொடுக்காத குறை. மூன்றாம் நாள் எல்லா முட்டையும் வெள்ளையாகிப் பஞ்சு பிடித்தது. அடுத்த மாதம் மறுபடி முட்டை. மறுபடி பஞ்சு. மூன்றாவது தடவையும் பஞ்சு.

கொளத்தூருக்கு பஸ் ஏறினேன்.

சென்னை கொளத்தூர் தெரியாத மீன்காரன் இருக்க முடியாது. கடைகள் ஒரு பக்கம். சின்னச் சின்னத் தெருக்களில் வீட்டுக்குப் பின்னாலும் மொட்டை மாடியிலும் சிமென்ட் தொட்டி கட்டி வண்ண மீன் உற்பத்தி செய்கிற குடும்பங்கள் இன்னொரு பக்கம். ஒரு காலத்தில் சென்னையில் மீன் வாங்க மூர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். அது 1985-ல் எரிந்து போனது. இப்போது மீன் என்றால் கொளத்தூர்தான்.

அங்கே ஒரு பெரியவர். லுங்கி, தோளில் துண்டு, கையில் வலை. என் கதையைக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

''ரெண்டுல எது முட்டை வுட்டுச்சு?''

''ஒரு தடவை இது... இன்னொரு தடவை அது...''

''அப்பால இன்னா தம்பி? ரெண்டும் பொண்ணு!''

ஜெமினி - சாவித்திரி என்று நினைத்து நான் வாங்கி வந்தது சாவித்திரி - சரோஜாதேவி!

விஷயம் இதுதான். ஆஸ்காரில் ஆண், பெண் வித்தியாசம் வெளியே பார்த்தால் தெரியாது. நிறம், அளவு, துடுப்பு எல்லாம் ஒரே மாதிரி. முட்டை போடும் சமயத்தில் மட்டும் வயிற்றுக்கடியில் ஒரு சின்னக் குழாய் வெளியே நீட்டும். பெண்ணுக்கு அது தடித்து, மழுங்கி இருக்கும். ஆணுக்கு மெல்லிசாகக் கூர்மையாக இருக்கும். ஆண் இல்லாவிட்டால் இரண்டு பெண்களும் ஜோடி மாதிரியே கல்லைச் சுத்தம் செய்து முட்டை போட்டுக் காவல் காக்கும். முட்டை மட்டும் பொரிக்காது.

நம்பியார் வந்தார்

பெரியவர் சொன்னதைப் பாதிதான் காதில் வாங்கினேன். இளமை வேகம். 'ஆண்தானே வேணும்?' என்று 2019-ல் 1,200 ரூபாய் கொடுத்து ஒரு முரட்டு ஆணை வாங்கி வந்தேன். சாவித்திரியை நண்பன் வீட்டுத் தொட்டிக்கு அனுப்பிவிட்டு, சரோஜாவோடு ஆணைச் சேர்த்து விட்டேன். நம்பியார் என்று பேர் வைத்தேன். நிஜ நம்பியார் சுவாமி பரம சாது. இவன் திரையில் வருகிறவர்.

விட்ட பத்தாவது நிமிஷம் துரத்த ஆரம்பித்தான். 'காதல் விளையாட்டு' என்று நினைத்தேன். ஒரு கல்யாண ரிசப்ஷன் இருந்தது. கிளம்பிப் போய்விட்டேன். ராத்திரி பதினொரு மணிக்குத் திரும்பி வந்து விளக்கைப் போட்டால்... சரோஜா தொட்டி மூலையில் தலைகீழாகக் கிடந்தாள். துடுப்பெல்லாம் கந்தல். கண் ஒன்று இல்லை.

அன்றைக்கு எனக்கு ஜோக் எதுவும் தோன்றவில்லை. இரண்டு வருஷமாக என் காலடிச் சத்தம் கேட்டதும் முன் கண்ணாடிக்கு ஓடி வந்த ஜீவன். அடித்தது நம்பியார். ஆனால் தப்பிக்க வழியில்லாத 4 அடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளை அவனோடு பூட்டியது நான். அமேசானாக இருந்தால் அவள் நூறு அடி தள்ளிப் போயிருப்பாள்.

கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். அப்பா மண்வெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, ''உனக்கெதுக்குடா இந்த உதவாக்கரை வேலை?'' என்றார். நம்பியாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கொளத்தூர் போனேன். பெரியவர் திட்டவில்லை. வலையை ஓரமாக வைத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

''ஜோடி சேக்கறது நம்ம வேலையே இல்ல தம்பி. எடம் குடு, நல்ல தண்ணி குடு, டைம் குடு. அப்பால அதுங்க பாத்துக்கும். ஆறு குட்டி எடுத்துனு போ. ஒண்ணா வளர வுடு. அதுல எது எதோட சேரணுமோ அது தானா சேரும்.''

ஆறு குட்டி எடுத்தால் அதில் ஆணும் பெண்ணும் கலந்து வர வாய்ப்பு அதிகம் என்பது கணக்கு. சின்ன வயசிலிருந்து சேர்ந்து வளர்ந்ததுகள் புதிதாகப் பார்க்கிற இரண்டைப் போல ஒன்றை ஒன்று கொன்று போடுவதில்லை என்பது அனுபவம்.

இதை வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டாள். ''நீயும்தான் காலேஜ்ல ஆறு பேரா சுத்தினீங்க. ஒண்ணும் அமையலியே?'' அது ஆண்கள் காலேஜ் என்பதை அம்மா மறந்துவிட்டாள்.

குடவோலைத் தேர்தல்

2020 பிப்ரவரி. ஆறு குட்டி, ஒன்று 80 ரூபாய். அடுத்த மாதம் ஊரடங்கு. ஊரே வீட்டுக்குள் இருந்தது. நானும் மீன்களும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். யாருக்கு யார் வேடிக்கை என்றே தெரியாத காலம்.

உத்திரமேரூரில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், குடவோலைத் தேர்தலுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் நிற்கவே கூடாது என்று அதில் ஒரு விதி. நானும் ஒரு பழைய டைரியில் ஆறு மீனுக்கும் பக்கம் ஒதுக்கி, யார் யாரைத் துரத்துகிறார், யார் யாரோடு படுக்கிறார் என்று கணக்கு எழுத ஆரம்பித்தேன். ஆபீஸ் லெட்ஜரைக்கூட அவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை.

வளர்ப்பில் நான் கற்ற முக்கியமான பாடம் தண்ணீர். ஆஸ்கார் நிறைய சாப்பிடும், நிறைய கழியும். அதிலிருந்து வருகிற அம்மோனியா கண்ணுக்குத் தெரியாத விஷம். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதைத் தின்று மீனைக் காப்பாற்றுகின்றன. ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் 'பளிச்' என்று கழுவினால் அந்த பாக்டீரியாவும் சாக்கடைக்குப் போய்விடும். தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். சாப்பாட்டுக்குப் பெல்லட், உரித்த இறால், தோட்டத்து மண்புழு. ஆட்டுக் கறி, மாட்டுக் கறி வேண்டாம். அந்தக் கொழுப்பு மீனுக்கு ஒத்துக் கொள்ளாது.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரை புரண்டது. ஊரே பாலத்துப் பக்கம் ஓடியது. நான் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அன்றைக்குத்தான் ஆறில் இரண்டு, தொட்டியின் வலது பக்கத்தைப் பட்டா போட்டுக் கொண்டு மற்ற நாலையும் இடது மூலைக்கு விரட்டின. நிறம் கருத்தது. செவுள் விரிந்தது. எதிரும் புதிருமாக நின்று உடம்பை உதறின. வாயோடு வாய் கவ்விக் கொண்டு இழுத்தன.

மறுபடி சரோஜா ஞாபகம். பதறிப் போய் பெரியவருக்கு போன் போட்டேன்.

''ஒண்ணு ஓடுதா தம்பி?''

''இல்லை. ரெண்டும் நின்னு இழுக்குது.''

''அப்ப அது சண்டை இல்ல. ஒண்ணு ஓடி ஒளிஞ்சா சண்டை. ரெண்டும் நின்னா சம்மதம். மத்த நாலையும் வெளியே எடு. அவ்ளோதான் ஒன் வேலை.''

இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் குறித்துக் கொள்ள வேண்டும். வாய்ப்பூட்டு போடுவது ஒருவர் பலத்தை ஒருவர் சோதிக்கிற பரீட்சை. இரண்டும் சமமாக நின்றால் பயமில்லை. ஒன்று மூலையில் பதுங்கி, துடுப்பு கிழிந்து, சாப்பிட வரவில்லை என்றால் அந்த நிமிஷமே பிரித்துவிட வேண்டும். நடுவில் ஓட்டை போட்ட தடுப்பு வைத்து, ஒன்றை ஒன்று பார்த்துப் பழக விட்டுப் பிறகு திறக்கலாம். சேர்க்கும்போதும் பெண் இருக்கிற இடத்துக்குத்தான் ஆணைக் கொண்டு போக வேண்டும். ஆணின் இடத்தில் பெண்ணை விட்டால் அவன் அதை ஆக்கிரமிப்பு என்று நினைப்பான்.

சிவாஜி - பத்மினி என்று பெயர் வைத்தேன். மற்ற நாலும் பெரிய தொட்டி வைத்திருந்த இரண்டு நண்பர்கள் வீட்டுக்குப் போயின.

முட்டையும் ஏமாற்றமும்

ஒரு கடப்பா கல் துண்டு வைத்தேன். அமேசானில் மழைக்காலத்தில்தான் இவை முட்டை போடும். அதனால் கொஞ்ச நாள் தண்ணீர் மாற்றாமல் விட்டு, பிறகு ஒரே நாளில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, இரண்டு டிகிரி குளிர்ந்த புதுத் தண்ணீரை மழை மாதிரி மேலிருந்து ஊற்றினேன். 2022 ஆகஸ்டில் சிவாஜியும் பத்மினியும் கல்லை வாயால் தேய்க்க ஆரம்பித்தன. இரண்டு நாள் தேய்ப்பு. எங்கள் வீட்டுத் தோசைக் கல்கூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

பத்மினி கல்லை ஒட்டி நீந்தி ஒரு வரிசை முட்டை வைப்பாள். பின்னாலேயே சிவாஜி அதே தடத்தில் போவான். இப்படி மாறி மாறி ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரு ஈட்டில் ஆயிரம், இரண்டாயிரம் முட்டை சாதாரணம். ஆஸ்கார் முட்டை போட்ட உடனே வெளுப்பாகத்தான் இருக்கும். கரு பிடித்திருந்தால் ஒரு நாளில் கண்ணாடி மாதிரி தெளியும். பிடிக்காதது வெளுத்தே இருந்து பஞ்சு பூக்கும்.

தெளிந்தது! ஆனால் மறுநாள் காலை கல் காலி. சிவாஜி, பத்மினி இருவர் வயிறும் புடைத்திருந்தது.

''பெத்ததையே தின்னுட்டுதா? சீச்சீ...'' என்றாள் அம்மா.

''புதுசு தம்பி. தெரியாது. பயந்தாலும் தின்னும். ஆள் நடமாட்டம் இருந்தா தின்னும். வுடு, கத்துக்கும்'' என்றார் பெரியவர்.

அக்டோபரில் இரண்டாவது தடவை. இந்த முறை மூன்றாம் நாள் வரை காத்தன. பொரிக்கிற சமயத்தில் தின்றுவிட்டன. 'தேறிட்டு வருது' என்று மனசைத் தேற்றிக் கொண்டேன். சி.ஏ. பரீட்சை எழுதுகிற நண்பர்களுக்கு இந்த மனநிலை புரியும்.

ஓர் இரவு இருக்கை

2022 டிசம்பர் 6, செவ்வாய்க்கிழமை. மூன்றாவது ஈடு. புதன்கிழமை முட்டை தெளிந்தது. 27 டிகிரியில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முன் கண்ணாடியை அம்மாவின் பழைய புடவையால் மூடிவிட்டு, யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று 144 போட்டேன்.

வெள்ளிக்கிழமை பொரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதான் மாண்டஸ் புயலும் வந்தது. 9-ம் தேதி ராத்திரி மாமல்லபுரம் பக்கத்தில் கரை கடக்கப் போகிறது என்று டி.வி.யில் மஞ்சள் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு டி.வி. நின்றது. ஃபேன் நின்றது. ஏர் பம்ப் நின்றது. வீட்டில் இவ்வளவு நாளாக ஒரு 'குர்ர்ர்' சத்தம் இருந்ததே, அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

தண்ணீருக்குள் காற்று போகாவிட்டால் பெரிய மீன் இரண்டும் மூச்சு முட்டும். ஹீட்டரும் இல்லை. முட்டைக்கு மூச்சும் வேண்டும், சூடும் வேண்டும். ஃபில்டர் நின்றால் அதிலுள்ள பாக்டீரியாவும் கொஞ்ச நேரத்தில் சாக ஆரம்பிக்கும். இன்வெர்ட்டர் வாங்க வேண்டும் என்று மூன்று வருஷமாகப் பட்ஜெட் போட்டுக்கொண்டே இருந்த பி.காம். பட்டதாரி நான்!

போனில் நாலு சதவிகிதம் சார்ஜ். பெரியவர் எடுத்தார்.

''போர்வை சுத்து. டார்ச் அடிக்காத, பயந்துடும். கல்லு இல்லாத மூலையா பாத்து சொம்பால மொண்டு ஊத்து. நிறுத்தாத. கரன்ட் வர்ற வரிக்கும் ஊத்து...'' லைன் கட்.

ஜமுக்காளத்தைத் தொட்டியைச் சுற்றிக் கட்டினேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சொம்பில் மொள்வது, ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றுவது. விழுகிற தண்ணீர் காற்றை இழுத்துக் கொண்டு உள்ளே போகும். வெளியே தென்னை மட்டை விழுகிற சத்தம். ஜன்னல் கதவு அடித்துக் கொள்கிற சத்தம். நடுவில் என் சொம்பு. 'சளக்... சளக்...'

பக்கத்து அறையில் மெழுகுவர்த்தி. அந்த வெளிச்சம் கொஞ்சம் கசிந்து வந்தது. புடவை இடுக்கில் பார்த்தேன். பத்மினி கல்லுக்கு மேலேயே நின்று துடுப்பால் விசிறிக் கொண்டிருந்தாள். முட்டைக்குத் தண்ணீர் ஓட்டம் கொடுக்கிற வேலை. அவளும் நிறுத்தவில்லை. சிவாஜி அவளுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாகக் காவல்.

பன்னிரண்டரை மணிக்குத் தோள் மரத்துவிட்டது. பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. அப்பா.

''எவ்ளோ நேரம் இப்படியே ஊத்துவே?''

''கரன்ட் வர்ற வரைக்கும்.''

ஒன்றும் பேசாமல் போனார். திட்டுவதற்கு வார்த்தை தேடப் போகிறார் என்று நினைத்தேன். கொல்லைப்புற ஷெட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. மழையில் நனைந்து திரும்பி வந்தார். தோளில் ஒரு பழைய வேன் டியூப், கையில் காலால் மிதிக்கிற பம்ப்.

முப்பது வருஷம் பஸ்ஸுக்கு அடியில் படுத்த மனுஷர். டியூபில் காற்றடித்து, வால்வில் என் ஏர் பம்ப் ரப்பர் குழாயை மாட்டி, சைக்கிள் கிளிப்பால் அழுத்தி, காற்று மெல்ல மெல்லக் கசிகிற மாதிரி செய்தார். குழாய் முனையில் இருந்த காற்றுக் கல்லிலிருந்து குமிழ் வந்தது. 'குளு குளு குளு...' சொம்பை விட அமைதியாக, சொம்பை விடச் சீராக. ஒரு தடவை அடித்தால் அரை மணி நேரம் தாங்கியது.

''நீ போய் கொஞ்சம் கண்ணை மூடு. நான் பாத்துக்கறேன்.''

நான் போகவில்லை. அவர் மிதிப்பார், நான் கிளிப்பைப் பார்ப்பேன். பிறகு நான் மிதிப்பேன், அவர் பார்ப்பார். இடையில் அம்மா அடுப்பில் வெந்நீர் வைத்து, பாட்டில்களில் நிரப்பி இறுக்கி மூடிக் கொடுத்தாள். அதைத் தொட்டியில் மிதக்க விட்டோம். ''சொந்தப் பிள்ளைக்குக்கூட இப்படி ராக்கண் முழிச்சதில்ல'' என்றாள். அப்பாவும் நானும் அவ்வளவு நேரம் ஒரே அறையில் சண்டை போடாமல் இருந்தது, எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

விடிகாலை ஐந்தரை. மழை விட்டிருந்தது. அப்பா புடவையை ஒரு ஓரம் தூக்கினார்.

''டேய்... கல்லு ஆடுதுடா.''

கல் ஆடவில்லை. கல் மேல் நூற்றுக்கணக்கில் வால்கள் ஆடிக் கொண்டிருந்தன.

பெருமாள் ஓர் இரவு இருந்த ஊரில் நாங்களும் ஓர் இரவு இருந்தோம். மத்தியானம் இரண்டு மணிக்குக் கரன்ட் வந்தது.

ஏரியில் விடலாமா?

பொரித்த குஞ்சு உடனே நீந்தாது. ஐந்தாறு நாள் வயிற்றிலுள்ள மஞ்சள் கருவைத் தின்றபடி கல்லிலேயே துடிக்கும். பிறகு மேகம் மாதிரி எழும். அந்த நிமிஷத்திலிருந்து உயிருள்ள தீனி வேண்டும். ஆர்டீமியா என்று உப்புத் தண்ணீர்ப் பூச்சி. தூத்துக்குடி உப்பளங்களில் இருக்கிறதே, அதுதான். கடையில் அதன் முட்டை டப்பாவில் கிடைக்கும். உப்புத் தண்ணீரில் போட்டு ஒரு நாள் காற்று விட்டால் பொரிக்கும். தினமும் மூன்று வேளை. கைக்குழந்தை வைத்திருக்கிற வீடு மாதிரிதான்.

எல்லாம் தேறவில்லை. பலவீனமானது செத்தது. பெரியது சின்னதை விழுங்கியது. இரண்டு மாதத்தில் கையில் நின்றது 240. ஒவ்வொன்றும் ஒரு அங்குலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு யானைப் பசி.

''எதுக்குடா அவஸ்தை? ஏரியில கொண்டு போய் விட்டுடு. புண்ணியம்'' என்றார் பக்கத்து வீட்டு அண்ணன்.

அது புண்ணியமில்லை. அமெரிக்காவில் ஃப்ளோரிடா வாய்க்கால்களில் இப்படித்தான் ஆஸ்கார் குடியேறி, இன்று போக மாட்டேன் என்கிறது. நம் ஊரிலேயே 'டேங்க் கிளீனர்' என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் கொட்டிய மீன்கள் வலையைக் கிழித்து மீனவர் வயிற்றில் அடிக்கின்றன. ஜிலேபி வந்த கதையைத்தான் முதலிலேயே சொன்னேனே. தொட்டியில் பிறந்தது தொட்டிக்குத்தான் போக வேண்டும். 'தொட்டி எவ்வளவு பெரிசு?' என்று கேட்டுக் கேட்டு, நாலு கடைக்குப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு குஞ்சு 15 ரூபாய்.

ஆகவே, வீட்டில் ஆஸ்கார் ஜோடி சேர்க்க ஆசைப்படும் நண்பர்களே... முட்டைக்குக் கல் தேடும் முன்னால், குஞ்சுக்கு வீடு தேடுங்கள். அது கிடைக்காது என்றால் முட்டையை முட்டையாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். தப்பே இல்லை.

கணக்கு

உத்திரமேரூர்க் கல்வெட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரன் கணக்குக் காட்டாமல் போகக் கூடாது. இதோ:

தொட்டி, ஸ்டாண்டு 14,500. ஃபில்டர், ஹீட்டர், பம்ப் 7,200. தீனி 18,000. கேரண்டி ஜோடி 3,500. நம்பியார் 1,200. ஆறு குட்டி 480. ஆக மொத்தம் பற்று 44,880 ரூபாய். வரவு, 240 குஞ்சு 15 ரூபாய் வீதம் 3,600. நிகர நஷ்டம் 41,280 ரூபாய். கரன்ட் பில் அப்பா கட்டியதால் கணக்கில் வரவில்லை. சரோஜாவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனாலும் மழைக்காலம் வந்தால், கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்த வேன் டியூப் காற்றடித்துத் தயாராகத் தொங்கும். நான் அடித்து மாட்டியதில்லை.